திருவனந்தபுரத்தின் சிறு ஹோட்டல்களில் சாப்பிடுவது எப்படி: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்தின் தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் போகும் காலைப் பேருந்தில் ஏறி அமர்ந்தால், பக்கத்து இருக்கைக்காரரின் மடியில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைக் காணலாம்: ஆஸ்பத்திரிச் சீட்டுகள் அடுக்கிய பிளாஸ்டிக் உறை, அல்லது சாலைக் கம்போளம் என்னும் நகரச் சந்தையில் சரக்கு வாங்கி வருவதற்காக மடித்து வைத்த சாக்குப்பை. எந்த வேலையாகப் போனாலும் மதியம் ஒரு மணிக்கு இருவருக்கும் பசிக்கும். அப்போது கண்ணில் படும் முதல் ஹோட்டலில் நுழைந்து, வந்ததைச் சாப்பிட்டு, சொன்னதைக் கொடுத்துவிட்டு வருவதுதான் நம்மவர்களின் வழக்கமாக இருக்கிறது. தந்தையின் சிகிச்சைக்காகப் பல ஆண்டுகள் அந்த நகரத்துக்கு மாதம் இரண்டு முறையாவது சென்று வந்த அனுபவத்தில், அந்த ஒரு வேளைச் சாப்பாட்டை நிதானமாகவும் வயிற்றுக்கும் பைக்கும் கேடு இல்லாமலும் சாப்பிடுவதற்கு வேண்டியவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி வரை நாமும் அவர்களும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தோம். அதே தேங்காய், அதே சாளை மீன், அதே மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு). ஆகவே நமக்குத் தெரியாத சாப்பாடா என்று நினைத்துக்கொண்டு எதையும் கேட்காமல் உட்கார்ந்துவிடுகிறோம். சென்னையிலிருந்து வருகிறவர் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு சாப்பிடுகிறார். பாதி தெரிந்த நாம்தான் தவறுகிறோம். பெயர் ஒன்றாக இருந்து பொருள் வேறாக இருக்கும் இடங்களே இந்த வழிகாட்டியில் அதிகம் வரும்.

முதல் படி: கடிகாரத்தைப் பாருங்கள்

அந்த நகரத்தின் சிறு ஹோட்டல் நேரத்துக்கு ஒரு முகம் காட்டும். காலை பத்து மணி வரை புட்டு, அப்பம், இடியப்பம், தோசை. பன்னிரண்டு அல்லது பன்னிரண்டரைக்கு ஊண், அதாவது மதியச் சாப்பாடு, தொடங்கும்; மூன்று மணிக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். நான்கு மணிக்குச் சாயாவும் ‘கடி’ என்னும் தின்பண்டமும். இருட்டிய பிறகு பரோட்டா, சப்பாத்தி, தோசை, சில கடைகளில் கஞ்சியும் பயறும். பதினொன்றரைக்குப் போய்ச் சோறு கேட்டாலும் மூன்றேகாலுக்குப் போய்ச் சோறு கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான். நடுவே உள்ள அந்த வெறுமையான நேரத்தில் பசித்தால் ஏதாவது தின்பண்டத்தோடு ஒரு சாயா குடித்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

ஊணுக்கு மிக நல்ல நேரம் பன்னிரண்டே முக்கால். அடுப்பிலிருந்து இறங்கிய சூடு மாறியிருக்காது, தோரன் என்னும் பொரியல் வகைகள் எல்லாம் இருக்கும், அலுவலகக் கூட்டமும் வந்திராது. ஒன்றேகாலுக்கும் இரண்டுக்கும் இடையே அரசு அலுவலகங்களின் அருகே உள்ள கடைகளில் நிற்க இடம் இருக்காது. ஆஸ்பத்திரிகளின் அருகே கூட்டம் நாள் முழுவதும் ஒரே அளவில் இருக்கும். அங்கே மட்டும் இந்தக் கணக்கு சரிப்படாது.

கிளம்புவதற்கு முன் நாளையும் பார்த்துவிடுங்கள். ஹர்த்தால் (கடையடைப்பு) அறிவித்த நாளில் கடைகள் திறந்திருக்கும் என்று நம்பிப் போக முடியாது. கும்ப மாதத்தில் வரும் ஆற்றுகால் பொங்கலை நாளன்று நகரச் சாலைகள் முழுவதும் பெண்கள் பொங்கலிடும் அடுப்புகள் நிறைந்திருக்கும். வழிபடப் போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் பயணத்தைத் தள்ளி வைப்பதே நல்லது. திருவோணத்தன்று சிறு கடைகள் பல மூடியிருக்கும்; திறந்திருக்கும் இடங்களில் முன்பதிவு செய்தவருக்கே சத்யா என்னும் இலை விருந்து கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அலுவலகப் பகுதிக் கடைகள் விடுமுறை எடுத்துக்கொள்வதும் உண்டு.

இரண்டாம் படி: கடையைத் தேர்ந்தெடுப்பது

பேருந்து நிலையத்துக்கு நேர் எதிரே இருக்கும் கடைக்கு நீங்கள் மறுபடி வருவீர்களா மாட்டீர்களா என்ற கவலை இல்லை. இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கும் கடைக்கு அந்தத் தெருக்காரர்களே வாடிக்கை. அவர்களை ஒரு நாள் ஏமாற்றினால் மறுநாள் கடையில் ஆள் இருக்காது. எனவே ஐந்து நிமிடம் நடக்கத் தயங்க வேண்டாம். ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும் கடை நல்ல கடை என்று சொல்வார்கள். அது பெரும்பாலும் உண்மை, ஆனால் அங்கே காரமும் எண்ணெயும் சற்றுத் தூக்கலாக இருக்கும். நோயாளியோடு செல்கிறவர்கள் பெண்களும் முதியவர்களும் வந்து சாப்பிடும் கடையைப் பார்த்துப் போவது மேல்.

உள்ளே நுழைந்ததும் கல்லாவின் பின்புறச் சுவரைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவின் 14 இலக்க எண் கொண்ட சான்றிதழ் அங்கே தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி முதல் அந்த எண் பில்லிலும் இருக்க வேண்டும் என்பது விதி. அடுத்து, கை கழுவும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அது சமையலறையை ஒட்டிக் கடைசியில் இருக்கும். கை கழுவப் போகிற சாக்கில் சமையலறையையும் எட்டிப் பார்த்துவிடலாம். தரை ஈரமாக இருப்பது குற்றமில்லை, ஈ மொய்ப்பது குற்றம். சாப்பிடாமலே வெளியேற நினைத்தால் உட்காருவதற்கு முன் வெளியேறிவிடுங்கள். இலை போட்ட பிறகு எழுந்து போவது எந்த ஊரிலும் மரியாதை இல்லை.

நகரத்துக்குப் புதியவர்கள், முதல் நாளே தெருவுக்குள் நுழையத் தயங்கினால், தம்பானூர் பேருந்து நிலையத்தை ஒட்டிக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த சிவப்புச் செங்கல் கட்டடத்தில் இருக்கும் இந்தியன் காபி ஹவுஸில் தொடங்கலாம். தரை திருகுபோல் சுற்றிச் சுற்றி மேலே ஏற, அந்தச் சரிவின் ஓரமாகவே மேசைகள் அமைந்திருக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை முதல் சுற்றிலேயே உட்கார வைத்துவிடுங்கள். தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் கடை அது. விசிறித் தலைப்பாகை அணிந்தவர்கள் பரிமாறுவார்கள். விலைப்பட்டியல் வெளிப்படையாக இருக்கும். மசால் தோசையைப் பிரித்துச் சிவப்பு நிறத்தைக் கண்டு பதற வேண்டாம், அது பீட்ரூட். எனக்கு அந்த மசால் பிடிப்பதில்லை, என் தந்தைக்கு அது மட்டுமே பிடிக்கும்.

கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் கேரள அரசின் குடும்பஶ்ரீ திட்ட மகளிர் குழுக்கள் நடத்தும் ஜனகீய ஹோட்டல்களை விசாரிக்கலாம். 2020இல் அவை தொடங்கியபோது ஓர் ஊண் 20 ரூபாய். பின்னர் அரசு மானியம் நின்றதால் விலை கூடியது. இருந்தாலும் மற்ற கடைகளோடு ஒப்பிட்டால் குறைவே. சோறும் இரண்டு மூன்று கறிகளும் வீட்டுச் சமையல்போல் இருக்கும். மதியம் சீக்கிரமே தீர்ந்துவிடும் என்பது ஒன்றே குறை.

மூன்றாம் படி: பேச்சைப் புரிந்துகொள்வது

நம் தமிழை அங்கே பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். சாலைக் கம்போளத்தின் சுற்றுப்புறத்திலும், கோட்டைக்குள்ளும், கரமனை, வலியசாலை அக்கிரகாரங்களிலும் தலைமுறைகளாகத் தமிழ் பேசுகிறவர்கள் வாழ்கிறார்கள். பரிமாறுகிறவரைக் கேரளம் முழுவதும் ‘சேட்டா’ என்று அழைப்பது பொது வழக்கம் என்றாலும், திருவனந்தபுரத்தில் ‘அண்ணா’ என்று அவர்களே தங்களுக்குள் அழைத்துக்கொள்வதைக் கேட்கலாம். ஆகவே நீங்களும் கூச்சமின்றி ‘அண்ணா’ என்றே கூப்பிடலாம். பெண்களைச் ‘சேச்சி’ என்பது பொருத்தம். பல கடைகளில் இப்போது பரிமாறுகிறவர்கள் வங்காளத்திலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த இளைஞர்கள். அவர்களிடம் விரலால் சுட்டிக் காட்டுவதும் ஒற்றைச் சொல்லில் கேட்பதும் போதும்.

தடுமாற வைப்பவை ஒலி ஒன்றாக இருந்து பொருள் வேறாக நிற்கும் சொற்களே. பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு வந்து “ஒழிக்கட்டே?” என்பார். ஊற்றட்டுமா என்பதே அதன் பொருள். ‘வெள்ளம்’ என்பது குடிக்கிற தண்ணீர். ‘கறி’ என்றால் இறைச்சி என்று கொள்ள வேண்டாம். கத்தரிக்காயும் கறி, மீனும் கறி, முட்டையும் கறி. “கழிச்சோ?” என்று யாராவது அன்போடு விசாரித்தால் முகம் சுளிக்காதீர்கள், சாப்பிட்டாயிற்றா என்றுதான் கேட்கிறார். ‘பழம்’ என்றால் வாழைப்பழம். போதும் என்பதற்கு ‘மதி’, கொஞ்சம் என்பதற்குக் ‘குறச்சு’, எவ்வளவு ஆயிற்று என்பதற்கு “எத்ர ஆயி?” இவ்வளவு தெரிந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டை முடித்துவிடலாம்.

‘சோறு’ என்ற சொல்லைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிக்கு அப்பால் நாகரிகம் கருதிச் சாதம் என்று சொல்லப் பழகிய நம்மவர் சிலர், அங்கேயும் சாதம் கேட்டு விழிக்கிறார்கள். அங்கே சோறு சோறுதான். அதைச் சொல்வதில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

நான்காம் படி: உட்காருவதும் முதல் இரண்டு கேள்விகளும்

நான்கு பேர் மேசையில் இருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மீதி இரண்டு இடங்களில் நீங்கள் உட்காரலாம்; அனுமதி கேட்கத் தேவையில்லை, ஒரு தலையசைப்பு போதும். அமர்ந்ததும் வரும் தண்ணீர் சூடாகவும் இளஞ்சிவப்பாகவும் இருக்கக்கூடும். அது பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்த நீர். சீரகமோ கருங்காலியோ போட்டதும் உண்டு. நிறத்தைக் கண்டு அஞ்சிப் பாட்டில் தண்ணீர் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொதித்த நீரைவிடப் பாதுகாப்பானது வேறென்ன இருக்கிறது?

முதல் கேள்வி: ஊண் எது? வெஜிடேரியனா, மீன்கறியோடா? இரண்டாம் கேள்வி: குத்தரியா, பச்சரியா? நம் வீடுகளில் சம்பா என்று சொல்லும் சிவந்த, பருத்த புழுங்கலரிசியைத்தான் அவர்கள் குத்தரி என்கிறார்கள். பாலக்காட்டு மட்டை அரிசிக்குப் புவிசார் குறியீடே உண்டு. அந்தக் கடைகளின் குழம்புகள் எல்லாம் அந்தப் பருத்த சோற்றுக்காகவே ஆக்கப்பட்டவை. மோர்க்குழம்பு போன்ற புளிசேரியும் மீன்சாறும் மெல்லிய வெள்ளைச் சோற்றில் வழிந்தோடிவிடும். குத்தரிச் சோற்றில் ஊறி நிற்கும். பச்சரி கேட்டு வாங்கிவிட்டுக் குழம்பு தண்ணீராக இருக்கிறது என்று குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் மெல்ல முடியாத முதியவர்களுக்கும், வயிறு சரியில்லாத நோயாளிகளுக்கும், அந்தச் சோறு பழகாதவர்களுக்கும் வெள்ளைச் சோறே ஏற்றது.

ஐந்தாம் படி: இலையும் ஊற்றும் வரிசையும்

வாழையிலை என்றால் அதன் கூரிய நுனி உங்கள் இடப்புறம் இருக்க வேண்டும்; இது நமக்கும் வழக்கம்தான். பல கடைகளில் எவர்சில்வர் தட்டில் இலைத்துண்டு வைத்துத் தருவார்கள். இலையின் மேற்பாதியில் தொடுகறிகள் வரும்: ஊறுகாய், தோரன், அவியல் அல்லது கூட்டுக்கறி, பச்சடி அல்லது கிச்சடி. தோரன் என்பது நாம் துவரன் என்று சொல்வதே. கிச்சடி என்றதும் ரவையில் கிண்டியதை எதிர்பார்க்கும் வடக்கத்தி உறவினர் உங்களோடு வந்திருந்தால் முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள். தயிரில் வெள்ளரிக்காயும் அரைத்த கடுகும் சேர்ந்த புளிப்புக்கறி அது. பச்சடி அங்கே பெரும்பாலும் இனிக்கும், அன்னாசிப்பழத்தில் செய்வது. தீயல் கிடைக்கும் நாளில் அதைத் தவற விடாதீர்கள். வறுத்தரைத்த தேங்காயின் அந்தக் கருஞ்சிவப்பு நம் வீட்டுக் குழம்புச்சட்டியை நினைவுபடுத்தும்.

கீழ்ப்பாதியில் சோறு. அதன் மேல் ஊற்றப்படுபவற்றுக்கு ‘ஒழிச்சுகறி’ என்று ஒரு பொதுப்பெயர் உண்டு. வரிசை இப்படிப் போகும். முதலில் பருப்பு: வறுத்த சிறுபயறில் தேங்காயும் சீரகமும் அரைத்துச் சேர்த்தது. நெய் சில கடைகளில் ஒரு கரண்டி வரும், சாதாரண நாட்களில் வராமலும் போகும். பப்படத்தை இந்த முதல் சோற்றிலேயே நொறுக்கிப் பிசைந்துவிடுவது அந்த ஊர் முறை. நாம் பப்படத்தைக் கடைசி வரை காத்து வைத்துக் கடித்துக்கொள்கிறோம். ஒரு முறை அவர்கள் முறையில் சாப்பிட்டுப் பாருங்கள், நெய் இல்லாத குறை தெரியாது. இரண்டாவது பப்படம் கேட்டால் சில இடங்களில் தனிக் கணக்கு.

அடுத்து சாம்பார். பெருங்காயம் ஓங்கி நிற்கும், புளி சற்றுக் குறைவாக இருக்கும். வடக்கே மலபார் வரை போனால் வறுத்தரைத்த தேங்காய் சேர்ந்து சாம்பாரின் நிறமே மாறிவிடும். தெற்கில் அது குறைவு. அதன் பிறகு புளிசேரி, ரசம், மோர். இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது: கனமான பருப்பில் தொடங்கி, காரமும் புளியும் ஏறி, கடைசியில் மோரில் வயிறு அமைதியடைகிறது. நம்மவர் பலர் செய்யும் தவறு, முதல் சோறு முழுவதிலும் சாம்பாரை ஊற்றிக் குழைத்துவிட்டு, மற்றவை வரும்போது வயிற்றில் இடமில்லாமல் ‘மதி, மதி’ என்று கையை விரிப்பது. சோற்றை மனத்துக்குள் நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். சோறு மறுபடியும் கேட்கலாம், ஒழிச்சுகறிகளையும் கேட்கலாம், அவற்றுக்குக் கூடுதல் விலை பொதுவாக இல்லை; தோரனும் அவியலும் இரண்டாம் முறை வருவது கடைக்காரரின் மனத்தையும் சட்டியின் நிலையையும் பொறுத்தது. பன்னிரண்டே முக்காலுக்குப் போனவர் கேட்டால் கிடைக்கும்.

விசேஷ நாட்களில் சத்யா சாப்பிட நேர்ந்தால் பாயசம் வந்ததும் சாப்பாடு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அங்கே பாயசம் நடுவில் வரும். அதன் பிறகும் சோறும் மோரும் உண்டு. திருவனந்தபுரத்துக்கே உரிய ஒன்று, மஞ்சள் நிறப் போளியை இலையில் பிய்த்துப் போட்டு அதன் மேல் பால்பாயசத்தை ஊற்றிச் சாப்பிடுவது. போளியைத் தனியாகத் தின்று முடித்துவிட்டுப் பாயசத்துக்குக் காத்திருப்பவரைப் பக்கத்து இலைக்காரர் பரிதாபமாகப் பார்ப்பார். அந்தப் பார்வை என் மேலும் விழுந்திருக்கிறது.

முடித்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள். தட்டில் சாப்பிட்டவர்கள் எச்சில் தட்டைத் தாங்களே எடுத்து வைக்கும் வழக்கம் சில கடைகளில் உண்டு. பக்கத்தில் உள்ளவர் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும்.

ஆறாம் படி: ‘ஸ்பெஷல்’ என்ற சொல்

பருப்புச் சோற்றில் கை வைக்கும் நேரத்தில், ஒரு தட்டு நிறையப் பொரித்த மீன்களை ஏந்தியபடி ஒருவர் வந்து “ஸ்பெஷல் எந்தெங்கிலும்?” (ஸ்பெஷல் ஏதாவது வேண்டுமா?) என்று கேட்பார். இந்தக் கேள்விதான் உங்கள் பில்லைத் தீர்மானிக்கிறது. ஊணோடு ஊற்றப்படும் மீன்சாறு பெரும்பாலான கடைகளில் ஊணின் விலையில் அடங்கும். தட்டில் வருவது எதுவும் அடங்காது. ஒருமுறை, பசி மயக்கத்தில், நெய்மீன் துண்டு ஒன்றைக் காட்டி வைக்கச் சொல்லிவிட்டேன். மூன்று ஊணின் விலை அந்த ஒரு துண்டுக்கு ஆயிற்று. கடைக்காரர் ஏமாற்றவில்லை, விலை சுவரில் எழுதியிருந்தது. நான்தான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அது முதல், தட்டு மேசைக்கு வரும்போதே விலையைக் கேட்டுவிடுகிறேன். யாரும் தவறாக நினைப்பதில்லை.

பெயர்கள் நமக்குத் தெரிந்தவையே. சாளை, அயிலை, நெத்தோலி, சூரை, நெய்மீன் எல்லாம் நம் கடற்கரையிலும் இதே பெயர்தான், ஒலி சற்று மாறும். கரிமீன் மட்டும் உப்பங்கழி மீன். விலை அதிகம், முள்ளும் அதிகம். சிறு ஹோட்டலில் அதைத் தேடாதீர்கள். என் அறிவுரை எப்போதும் சாளை அல்லது நெத்தோலிப் பொரிப்பு: அன்றன்று விற்றுத் தீர்வதால் பழசாக வாய்ப்பு குறைவு, விலையும் தாங்கும்.

மாதத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். கேரளத்தில் விசைப்படகுகளின் இழுவலை மீன்பிடிக்கு ஆண்டுதோறும் ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள் தடை. நம் மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை என்பது குளச்சல்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாட்டு வள்ளங்களுக்குத் தடை இல்லாததால் மீன் அடியோடு நின்றுவிடாது. ஆனால் பெரிய மீன்கள் குளிர்பதனத்திலிருந்து வந்தவையாக இருக்கக்கூடும், விலையும் ஏறியிருக்கும். அந்த இரண்டு மாதமும் முட்டையையோ தோரனையோ நம்பிச் சாப்பிடுவது உத்தமம்.

மீன்கறியிலும் இரண்டு வகை உண்டு. தெற்கில் தேங்காய் அரைத்துச் செய்தது, மஞ்சள் கலந்த செம்மை நிறம், நம் வீட்டு மீன்குழம்புக்கு உடன்பிறப்பு. தேங்காய் சேர்க்காமல் குடம்புளியும் மிளகாயும் போட்டுச் செக்கச் சிவக்க வற்ற வைத்தது கோட்டயம் முறை. பின்னதைச் சோற்றில் ஊற்றிப் பிசையக் கூடாது. மரச்சீனிக்குத் தொட்டுக்கொள்ள வேண்டும். அறியாமல் ஊற்றிக்கொண்டவர்கள் அன்று முழுவதும் தண்ணீர் தேடுவார்கள்.

ஏழாம் படி: சைவர்களுக்கு

வெஜிடேரியன் ஊண் என்று சொன்னால் மட்டும் போதாது. மீன்சாறு வாளியும் சாம்பார் வாளியும் ஒரே கையில் வரும்; அவசரத்தில் ஊற்றிவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. வாளி நெருங்கும்போதே “மீன்சாறு வேண்டா” என்று சொல்லி இலையின் மேல் கையை வையுங்கள். ஒரே சமையலறையில் மீனும் மாட்டிறைச்சியும் சமைப்பதைப் பொறுக்க மாட்டாதவர்கள், கிழக்கேகோட்டையில் பத்மநாபசுவாமி கோயிலின் சுற்றுப்புறத்தில் உள்ள சைவ ஹோட்டல்களுக்குப் போய்விடுவது இருதரப்புக்கும் நிம்மதி. அங்கே ஊண் சற்றுத் தமிழ் வாடை அடிக்கும். எண்ணெய் மட்டும் எங்கே போனாலும் பெரும்பாலும் தேங்காய் எண்ணெயே. மருத்துவர் அதைக் குறைக்கச் சொல்லியிருந்தால் பப்படத்தையும் பொரிப்பையும் விட்டுவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

எட்டாம் படி: மற்ற வேளைகள், சுருக்கமாக

காலையில் புட்டுக்குக் கடலைக்கறி எங்கும் உண்டு; பயறும் பப்படமும் சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவது தெற்கத்திப் பழக்கம், வயிற்றுக்கும் அதுவே இலேசு. தோசையோடு ரசவடை கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். மாலையில் நாம் ஏத்தங்காய் என்று சொல்லும் நேந்திரனை மாவில் தோய்த்துப் பொரித்தது கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருக்கும். கேரளத்தின் மற்ற ஊர்களில் பழம்பொரி என்பதைத் திருவனந்தபுரத்தில் ஏத்தக்காயப்பம் என்பார்கள். பால் வேண்டாதவர்கள் கட்டன் என்று சொன்னால் பாலில்லாத சாயா வரும். இரவில் பரோட்டா சொல்கிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: சால்னா தானாக வரும் என்பது நம் ஊர்க் கணக்கு. அங்கே கறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெறும் பரோட்டா முன்னால் வந்து உட்காரும். கொஞ்சம் சாறு கேட்டால் சில கடைக்காரர்கள் முகம் கோணாமல் ஊற்றுவார்கள்.

ஒன்பதாம் படி: பில்

சிறு கடைகளில் பில் என்பது பரிமாறியவர் கல்லாவைப் பார்த்து உரக்கச் சொல்லும் ஒரு வரிதான். அவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து மேசை மீன் உங்கள் கணக்கில் ஏறுவது வேண்டுமென்று நடப்பதில்லை, நெரிசலில் நடப்பது. அச்சிட்ட பில் தரும் கடை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். தங்கும் விடுதிகளைச் சேராத உணவகங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆனால் ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேற்படாத, கலவை வரித் திட்டத்தை (காம்போசிஷன் ஸ்கீம்) தேர்ந்தெடுத்த கடைகள் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்கக் கூடாது. சேவைக் கட்டணம் என்று ஒரு தொகை இருந்தால், அது கட்டாயமில்லை: தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. தெருமுனை ஊண் கடையில் இந்தச் சிக்கலே வராது. அங்கே டிப்ஸும் எதிர்பார்ப்பதில்லை. மீதிச் சில்லறையைத் தட்டில் விட்டுவந்தால் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வார்கள். கைபேசியில் பணம் செலுத்துவது எங்கும் நடக்கிறது என்றாலும், ஆஸ்பத்திரிப் பகுதிகளில் சிக்னல் கிடைக்காமல் வரிசையில் நிற்க நேரிடும். ஓர் இருநூறு ரூபாய் பையில் இருக்கட்டும்.

பத்தாம் படி: பார்சல் வாங்குமுன்

வீட்டில் இருப்பவர்களுக்கு என்று இரவு பரோட்டாவும் கோழியும் கட்டிக்கொண்டு பேருந்து ஏறுவது நம்மவர்களுக்கு வழக்கமான ஆசை. இதில் கவனம் தேவை. 2023இன் தொடக்கத்தில் கேரள அரசு பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தடை செய்ததோடு, பார்சல்களில் தயாரித்த நேரமும் எத்தனை மணிக்குள் உண்ண வேண்டும் என்பதும் குறித்த ஒட்டுச்சீட்டு இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பெரும்பாலும் அது இரண்டு மணி நேரம். தம்பானூரிலிருந்து நாகர்கோவில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். பாலராமபுரத்திலும் நெய்யாற்றின்கரையிலும் நெரிசலில் நின்று வரும் பேருந்துக்கு இரண்டு மணி நேரம் போதாது. அதாவது ஒட்டுச்சீட்டில் உள்ள நேரம் முடிந்த பிறகே பொட்டலம் உங்கள் வீட்டு வாசலை எட்டும்.

ஆகவே களியக்காவிளை, மார்த்தாண்டம் வரை போகிறவர்கள் பரோட்டாவையும் உலர்ந்த வறுவலையும் வாங்கலாம். வீட்டில் நுழைந்ததும் சூடாக்கிவிட வேண்டும். தேங்காய் அரைத்த கறி, அவியல், மயோனைஸ் சேர்ந்த எதுவும் அந்த வெப்பத்தில் பயணம் செய்யத் தகுதியற்றவை. நெத்தோலிப் பொரிப்பும் ஈரம் பட்டு நமத்துவிடும். நாகர்கோவிலுக்கும் அதற்கு அப்பாலும் போகிறவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்காக ஏதாவது வாங்கியே தீர வேண்டும் என்றால், தேங்காய் எண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் உப்பேரியும் (சிப்ஸ்) வெல்லம் பூசிய சர்க்கரைவரட்டியும் வாங்குங்கள். கிழக்கேகோட்டையில் கண் முன்னே சீவிப் பொரித்துத் தரும் கடைகள் இருக்கின்றன. சூடாக இருக்கும்போதே பையின் வாயைக் கட்டிவிடாமல், பேருந்து பாறசாலை தாண்டும் வரை திறந்து வைத்திருந்தால் மொறுமொறுப்பு அப்படியே இருக்கும்.